ஹெபடைட்டிஸ் சி: டம்ளரை விடுங்கள், நகவெட்டியைப் பாருங்கள்

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது பெரியப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பாட்டி அன்று மாலையே அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்துவைத்துவிட்டார். மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது என்று டம்ளரின் விளிம்பில் ஆணியால் ஒரு கீறலும் போட்டார். காலையில் மோரில் அரைத்துக் கலக்கிய கீழாநெல்லி, மதியம் தாளிக்காத ரசம், திண்ணையில் தனிப் படுக்கை. மூன்று வாரத்தில் பெரியப்பா தேறிவிட்டார். அந்த மூன்று வாரமும் நாட்காட்டி மாட்டியிருந்த ஆணியில் வீட்டுக்கே பொதுவான ஒரே நகவெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அது பெரியப்பாவிடமிருந்து அப்பாவிடம், அப்பாவிடமிருந்து எங்களிடம் என்று ஒரு சுற்று வரும். அதைத் தனியே எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்கு வந்தது எந்த வகைக் காமாலை என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒருவேளை கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி என்ற வைரஸால் வந்ததாக இருந்திருந்தால், டம்ளரைப் பிரித்துவைத்ததால் எங்களுக்கு ஒரு நன்மையும் கிடைத்திருக்காது. நகவெட்டியைப் பிரிக்காததால் தீமை நேர்ந்திருக்கலாம். இன்றும் பல வீடுகளில் இதே கதைதான். பயப்பட வேண்டாதவற்றைக் கண்டு பயப்படுகிறோம். கவனிக்க வேண்டியவை கண்ணில் படுவதில்லை. எதில் கவனம் வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: எந்தக் காமாலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. பிலிருபின் என்ற நிறப்பொருளைக் கல்லீரலால் வெளியேற்ற முடியாமல் போகும்போது அது ரத்தத்தில் தேங்கிக் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்குகிறது. அதற்குப் பித்தக்குழாயில் அடைத்த கல் காரணமாக இருக்கலாம், மதுவோ மருந்தோ காரணமாக இருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்து. இவற்றில் ஏ, இ இரண்டும் மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாகப் பரவுபவை. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து ஒரே தெருவில் பத்துப் பேருக்குக் காமாலை வந்தால், பெரும்பாலும் இவைதான். கொதிக்கவைத்த தண்ணீர், கைகழுவுதல், வெளியில் விற்கும் ஐஸைத் தவிர்த்தல் எல்லாம் இவற்றுக்கான பாதுகாப்பு.

சி அந்த வகை அல்ல. அது ரத்தத்தின் வழியே மட்டும் பயணம் செய்யும். 1970களில் ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகள் பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. சோதித்தால் ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை. பெயர் தெரியாததால் ‘ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல’ என்றே மருத்துவர்கள் அதைக் குறிப்பிட்டுவந்தார்கள். 1989இல்தான் அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டது. அந்தப் பணிக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏ வகை பெரும்பாலும் தானாகவே போய்விடும்; பெயரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்ளும். சி வகை தொற்றியவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குத் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கண் மஞ்சளானாலும் சில வாரங்களில் தெளிந்துவிடும். மருந்து பலித்துவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையில் சுமார் 30 சதவீதம் பேரின் உடல்தான் ஆறு மாதத்துக்குள் வைரஸைத் தானாக வெளியேற்றுகிறது. மற்றவர்களிடம் அது சத்தமில்லாமல் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருக்க நோய் வரும் அபாயம் இருக்கிறது. சிலருக்கு அது புற்றுநோயில் போய் முடியும். உலகில் சுமார் 5 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள் என்றும், ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. ஆகவே ‘நோயாளி’ என்று ஒருவரை அடையாளம் கண்டு ஒதுக்கிவைப்பது இங்கே பயன்படாது. பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்

நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு பொருளைப் பார்த்ததும் இதைக் கேளுங்கள்: இதில் வேறொருவரின் ரத்தம் பட்டிருக்க முடியுமா, அது என் ரத்தத்தோடு சேர வழி இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் விலகுங்கள். ஒன்றுக்காவது ‘இல்லை’ என்றால் நிம்மதியாக இருங்கள்.

டம்ளருக்கு இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ரத்தமும் இல்லை, காயமும் இல்லை. ஆகவே ஒரே பாத்திரத்தில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், முத்தமிடலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம், பக்கத்தில் படுத்து உறங்கலாம். இருமல், தும்மல், வியர்வை, குளத்துத் தண்ணீர், கொசுக்கடி எதுவும் இந்த வைரஸைக் கடத்துவதில்லை. தாய்ப்பாலும் கடத்துவதில்லை, முலைக்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் அது ஆறும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

இப்போது சவரக் கத்திக்கு அதே கேள்வியைப் போடுங்கள். விடை மாறுகிறது அல்லவா?

‘ரத்தம் பட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாதா?’ என்று கேட்பார்கள். தெரியாது. கண்ணுக்குப் புலப்படாத அளவே போதும். ‘காய்ந்த ரத்தம்தானே, கிருமி செத்திருக்கும்’ என்பது அதைவிடப் பெரிய தப்புக்கணக்கு. ஆய்வகச் சோதனையில், ஒரு பரப்பின் மீது உலர்ந்த துளிகளில் இந்த வைரஸ் சாதாரண அறை வெப்பத்தில் ஆறு வாரம் வரை தொற்றும் திறனோடு இருந்திருக்கிறது. பயன்படுத்திய சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை தாக்குப்பிடித்திருக்கிறது.

மூன்றாம் படி: ஊசி

இதற்கு அதிக இடம் ஒதுக்குகிறேன். உலகிலேயே இந்த நோயால் மிக அதிகமாக வாடிய நாடு எகிப்து. அங்கே அதைப் பரப்பியது ஊசி, அதுவும் அரசு போட்ட ஊசி. நைல் கால்வாய்களில் வாழும் நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா என்ற புழுநோய் அந்நாட்டு விவசாயிகளைப் பல தலைமுறைகளாக வாட்டியது. அதை ஒழிக்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை மருத்துவக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று ஊசி மருந்து போட்டன. ஒரு ஊசியோடு முடிகிற சிகிச்சை அல்ல அது. ஒவ்வொருவருக்கும் பல வாரங்கள் தொடர்ந்து போட வேண்டும். கண்ணாடி சிரிஞ்சுகளோ சில. வரிசையோ நீளம். சரியாகக் கொதிக்கவைக்க நேரமில்லை. புழு போயிற்று, வைரஸ் வந்தது. 2008இல் எடுத்த ஆய்வில் 15 முதல் 59 வயதுவரை உள்ள எகிப்தியர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 15 பேரின் ரத்தத்தில் இந்த வைரஸின் தடயம் இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. அவசரமும் சிக்கனமும் சேர்ந்து செய்த வேலை.

அதே எகிப்து 2018, 2019இல் சில மாதங்களுக்குள் சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்து, தொற்று கண்டவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் உலக சுகாதார நிறுவனம் அந்த முயற்சியை அங்கீகரித்து, நோயை ஒழிக்கும் பாதையில் ‘தங்க நிலை’ என்ற தகுதியை வழங்கியது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே ஊசியின் மேல் தனிப் பாசம் உண்டு. ‘ஊசி போட்டால்தான் காய்ச்சல் இறங்கும்’, ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்’ என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். மாத்திரையாக விழுங்கக்கூடிய மருந்துக்கு ஊசி வேண்டாம். வாந்தியில்லாமல் கஞ்சி குடிக்க முடிகிறவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் பெரும்பாலும் தேவைப்படாது. முதல் முன்னெச்சரிக்கை இதுதான்: ‘மாத்திரையாகக் கொடுக்க முடியுமா டாக்டர்?’ என்று கேளுங்கள்.

ஊசி தேவைதான் என்றால், ‘சிஸ்டர், கவரை என் முன்னால் பிரிக்கிறீர்களா?’ என்று கேட்பதில் தவறில்லை. நல்ல செவிலியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஊசிமுனையை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சிரிஞ்சையே பயன்படுத்துவது. முனை புதியதாக இருந்தாலும், முன்பு போட்டுக்கொண்டவரின் ரத்தத் துணுக்கு குழலுக்குள் ஏறியிருக்கலாம். அந்தச் சிரிஞ்சைப் பலருக்குப் பொதுவான மருந்துக் குப்பிக்குள் விட்டால் குப்பியும் கெட்டது. அதிலிருந்து மருந்து வாங்கும் எல்லோருக்கும் ஆபத்து. ஒருமுறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள் இப்போது கிடைக்கின்றன. மருந்துக் கடையில் அதையே கேட்டு வாங்கலாம்.

சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீடுகளில் ஓர் ஆபத்து யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. விரலில் குத்தி ரத்தம் எடுக்கும் பேனாவைத்தான் சொல்கிறேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை, வீட்டில் இருப்பதோ ஒரு கருவி. ஊசிமுனையைக்கூட மாற்றாமல் இருவரும் குத்திக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் ‘எனக்கும் ஒருமுறை பாருங்கள்’ என்று விரலை நீட்டுகிறார். கருவி ஒன்றாக இருக்கலாம். பார்த்ததும் கிருமிநாசினியால் துடைத்து வைத்தால் போதும். ஆனால் குத்தும் பேனா ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்க வேண்டும். முனையை மட்டும் மாற்றினால் போதாது, பேனாவின் வாயிலும் ரத்தம் படும். இன்சுலின் பேனாவும் அப்படித்தான்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். வாரம் இரண்டு மூன்று முறை ரத்தம் வெளியே போய்த் திரும்பும் சிகிச்சை அது. ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது ஊழியர் கையுறையை மாற்றிக் கைகழுவுகிறாரா என்பதைப் பக்கத்தில் இருக்கும் உறவினர் கவனிக்கலாம். குறித்த இடைவெளிகளில் சோதனை நடக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் போனால், கருவிகள் நீராவி அழுத்தத்தில் சுத்திகரிக்கப்பட்டு உறையிலிருந்து எடுக்கப்படுகின்றனவா என்று பாருங்கள்.

போதை ஊசி பற்றிப் பேசாமல் கடந்துபோவது நேர்மையல்ல. பல நாடுகளில் இந்த வைரஸ் இன்று பரவுவதற்கு அதுவே முதன்மைக் காரணம். ஊசியை மட்டுமல்ல, மருந்தைக் கரைக்கும் கரண்டி, தண்ணீர், வடிகட்டும் பஞ்சு, மூக்கில் இழுக்கும் குழாய் எதையும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அடித்து விரட்டுவதால் வைரஸ் நிற்காது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் புதிய ஊசிகளும், போதைப் பொருளுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் மாற்று மருந்தும் வழங்கும் மையங்கள் இருக்கின்றன. அங்கே அழைத்துப் போங்கள்.

நான்காம் படி: குளியலறை அலமாரியைத் திறங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். பல் துலக்கும் பிரஷ், சவரக் கத்தி, நகவெட்டி, காது குடையும் குச்சி, பருக்களைக் கிள்ளும் சாமணம் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்புங்கள். யாருடையது என்று தெரியாத பிரஷைத் தூக்கி எறியுங்கள். ஈறில் ரத்தம் கசிவது நம்மில் பலருக்கும் வழக்கம்தான். பிரஷ்கள் ஒரே கோப்பையில் முட்டி மோதாமல் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நகவெட்டி வாங்கிக் கொடுங்கள். ஒரு வேளை டிபன் விலைகூட ஆகாது. குழந்தைகளுக்கு வேறு நிறத்தில் வாங்கினால் மாறிப்போகாது. மாமியாரின் ரேசரை மருமகள் அவசரத்துக்கு எடுப்பதும், அண்ணனுடையதைத் தம்பி மீசை அரும்பும் வயதில் திருட்டுத்தனமாக எடுப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பவைதான். கேலி செய்யாமல் தம்பிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: சலூனும் சடங்கும்

சலூன்களில் பிளேடை மாற்றும் பழக்கம் பரவலாக வந்துவிட்டது. எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் படிகாரக் கல் மாறவில்லை! சவரம் முடிந்ததும், வெட்டுப்பட்ட இடத்தில் தேய்த்து ரத்தத்தை நிறுத்துவதற்கென்றே இருக்கும் கல் அது. காலையிலிருந்து எத்தனை கன்னங்களில் தேய்த்தார்களோ, அதே கல்லை உங்கள் கன்னத்திலும் தேய்க்கிறார்கள். ‘கல் வேண்டாம் அண்ணே’ என்று சொல்லிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். தேவையென்றால் உங்களுக்கென்று ஒரு சிறு துண்டு படிகாரத்தைக் கொண்டுபோங்கள். கத்தியின் பிடியும், பிளேடைச் செருகும் இடமும் துடைக்கப்படுகின்றனவா என்றும் பாருங்கள். கிருமிநாசினி கலந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதால் கத்தி சுத்தமாகிவிடாது.

கோவிலில் மொட்டை போடும்போது, கைக்குழந்தையாகவே இருந்தாலும், புதிய பிளேடைப் பிரித்துப் போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு தலையைக் கொடுங்கள். காதுகுத்துக்கு வரும் ஆசாரியிடம் முந்தைய நாளே பேசிவிடுவது நல்லது. மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழும்போது சுத்தம் பற்றிப் பேச்செடுக்க முடியாது. புதிய ஊசி அல்லது புதிய தங்கக் கம்பி, குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிய கை. விளக்குச் சுடரில் லேசாகக் காட்டிய பழைய ஊசி போதாது. அலகு குத்திக்கொள்பவர்கள் தங்கள் வேல்கம்பியைத் தங்களுடனே வைத்துக்கொள்வது நல்லது. ஒருவருக்குக் குத்தியதைக் கழுவி அடுத்தவருக்குக் குத்தக் கூடாது. திருவிழாக் கடைகளில் பச்சை குத்துபவரிடம் ஊசியோடு மையும் பார்க்க வேண்டிய பொருள்தான். ஒரே மைக் கிண்ணத்தில் பலருக்கும் தோய்த்த ஊசி போயிருக்கும். உங்களுக்கென்று தனி மூடியில் ஊற்றித் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறாம் படி: ரத்தம் சிந்தினால்

வெட்டுக்காயமோ விபத்தோ, உதவி செய்யத் தயங்காதீர்கள். கையுறை இல்லாவிட்டால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் காயத்தைக் கட்டுப் போட்டு மூடிவையுங்கள்.

தரையில் சிந்திய ரத்தத்தை முதலில் காகிதத்தாலோ பழந்துணியாலோ ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் குவித்த ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அந்த இடத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்கவும். திரவ பிளீச் இருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அன்றன்று கரைத்ததாக இருக்க வேண்டும். கழிப்பறை ஆசிடோடு அதைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். ரத்தம் பட்ட துணி, பஞ்சு, நாப்கின் ஆகியவற்றைப் பையில் முடிச்சிட்டுப் போடுங்கள். பயன்படுத்திய ஊசியையும் பிளேடையும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போட்டு மூடுங்கள். குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலும் விரல்தான்.

அடுத்தவருக்குப் போட்ட ஊசி உங்களைக் குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொற்றுள்ளவரின் ஊசி குத்தினாலும் சி வகை தொற்றும் வாய்ப்பு குறைவுதான். பழைய கணக்கில் நூற்றுக்கு 1.8, அண்மைக் கணக்கில் 0.2. பி வகைக்கும் எச்.ஐ.வி.க்கும் இருப்பதைப் போல உடனே போட்டுக்கொள்ளும் தடுப்பு மருந்து இதற்கு இல்லை. ஆனாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்; அந்த இரண்டுக்கும் அவர் ஏற்பாடு செய்வார், சி-க்கான சோதனை நாட்களையும் குறித்துத் தருவார்.

ஏழாம் படி: கணவன், மனைவி, குழந்தை

ஒருவரோடு ஒருவர் மட்டும் வாழும் தம்பதியரிடையே உடலுறவால் இது பரவுவது மிக அரிது. மாதவிடாய் நாட்களிலும் புண் இருக்கும்போதும் ஆணுறை பயன்படுத்தலாம். பலரோடு உறவு வைத்திருப்பவர்களுக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் ஆபத்து கூடுகிறது. அவர்களுக்கு ஆணுறை அவசியம்.

தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 5 அல்லது 6. அதற்காக சிசேரியன் தேவையில்லை. இந்த வைரஸைக் குணமாக்கும் மருந்துகளைக் கர்ப்ப காலத்தில் வழக்கமாகக் கொடுப்பதில்லை என்பதால், கருத்தரிப்பதற்கு முன்பே தெரிந்து சிகிச்சை எடுத்துக்கொள்வது சிறந்தது. குழந்தை பிறந்து ஒன்றரை வயது வரை தாயின் எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) அதன் ரத்தத்தில் இருக்கக்கூடும். அதற்குள் செய்த எதிர்ப்பொருள் சோதனையைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

எட்டாம் படி: சோதனை

யார் செய்துகொள்ள வேண்டும்? முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், குறிப்பாக 2000களின் தொடக்கத்துக்கு முன். இந்தியாவில் தானமாக வந்த ரத்தத்தில் இந்த வைரஸைத் தேடுவது கட்டாயமானது அப்போதுதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள். போதை ஊசியை ஒரே ஒருமுறை போட்டவர்களும்கூட. சுகாதாரப் பணியாளர்கள். தொற்றுள்ள தாய்க்குப் பிறந்தவர்கள். கல்லீரல் சோதனையில் காரணம் தெரியாமல் எண்கள் ஏறியிருப்பவர்கள்.

சோதனை இரண்டு கட்டம். முதலாவது எதிர்ப்பொருள் சோதனை. அது ‘பாசிட்டிவ்’ என்றால் வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். இப்போதும் இருக்கிறதா என்பதை, ரத்தத்தில் வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் சொல்லும். முதல் தாளைப் பார்த்தே இடிந்துபோய்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிடுபவர்கள் உண்டு. இரண்டாவது தாள் வரும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள். இன்னொன்று: தொற்றிய பின் எதிர்ப்பொருள் தெரியவர எட்டு முதல் பதினொரு வாரம் ஆகலாம். நேற்று நடந்த விபத்துக்கு இன்று சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பிவிடக் கூடாது. பி.சி.ஆர். ஓரிரு வாரங்களிலேயே காட்டிவிடும்.

ஒன்பதாம் படி: இருக்கிறது என்று தெரிந்தால்

தடுப்பூசி இல்லை, ஆனால் குணமாக்கும் மருந்து இருக்கிறது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோபாஸ்புவிர் மாத்திரைக்கு அங்கே வைத்த விலை 12 வாரத்துக்கு 84,000 டாலர். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! பின்னர் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று அதைத் தயாரித்து விலையைப் பலமடங்கு கீழே கொண்டுவந்தன. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ கேளுங்கள். பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை, 95 சதவீதத்துக்கும் மேல் குணம். தொடங்குவதற்கு முன் பி வகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சி-யை அடக்கும்போது உறங்கிக் கிடந்த பி விழித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். மதுவை நிறுத்துங்கள். ஏ, பி வகைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ரத்த தானம் இனி வேண்டாம். எண்ணெய் இல்லாத பத்தியம் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் உண்பதை எல்லோரோடும் உட்கார்ந்து உண்ணலாம்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மீண்டும் ஒரு பி.சி.ஆர். எடுப்பார்கள். அதில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று பொருள். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும். குணமானவருக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிடுவதில்லை, மறுபடியும் தொற்றலாம். ஆகவே நகவெட்டி விதி தொடரும். எதிர்ப்பொருள் ரத்தத்தில் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையிலோ அறுவை சிகிச்சைக்கு முந்தைய சோதனையிலோ அதனால் மீண்டும் ‘பாசிட்டிவ்’ என்று வரக்கூடும். அந்தக் கடைசி பி.சி.ஆர். அறிக்கையை நான்கு நகல் எடுத்து, ஒன்றைப் பாஸ்போர்ட் இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.